ஆளை மாற்றுவதும் ஊழலை அகற்றுவதும்

மந்திரி சபையை மாற்றி அமைக்கப் போவதாகவும், நிர்வாகத்தில் மலிந்துவிட்ட லஞ்சத்தை ஒழிக்கப் போவதாகவும் தேசத் தலைவர் ஒருவர் ஒரே பிரசங்கத்தில் அறிவித்தால் ஜனங்களுக்கு உற்சாகம் உண்டாவது இயல்பே. யார் போவார், யார் வருவார் என்று டீக்கடை முதல் சட்டசபைத் தாழ்வாரம் வரையில் ஜோசியம் நடக்கும். பத்திரிகைகளும் தம் பங்குக்குச் சோழி உருட்டும். நாமும் அந்தக் குற்றத்துக்கு உட்பட்டவர்களே. ஆனால் இந்த ஆரவாரத்தில் ஒரு விஷயம் எப்போதும் மறந்துபோகிறது. பதவியிலிருந்து ஆளை எடுப்பது ஒரு காரியம். பதவியிலிருந்து ஊழலை எடுப்பது வேறு காரியம். முதலாவதைத் தலைவர் ஒரே நாளில், ஒரு காகிதத்தில் முடித்துவிடலாம். இரண்டாவதோ, அவருடைய கைக்கும் ஒரு கட்டுப்பாடு விதிக்காமல் நடவாது. அதனால்தான் முதலாவது அடிக்கடி நடக்கிறது. இரண்டாவது அறிக்கையாகவே நின்றுவிடுகிறது.

இதற்கு 1963ஆம் வருஷத்துக் காமராஜ் திட்டத்தைக் காட்டிலும் தெளிவான உதாரணம் நமது சரித்திரத்தில் இல்லை. தமிழர்கள் பெருமையோடு பேசும் சம்பவம் அது. அந்தப் பெருமையில் நமக்கும் பங்குண்டு. ஆயினும் பெருமையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அன்று நடந்தது என்ன, நடவாமற் போனது என்ன என்று பார்ப்பது, இன்றைய அறிவிப்புகளை எடை போடுவதற்கு உதவும்.

1962இல் சீனப் படையெடுப்பினால் பண்டித நேருவின் கௌரவத்துக்கு ஏற்பட்ட காயம் ஆறவில்லை. 1963 மே மாதத்து உபதேர்தல்களில் அம்ரோஹாவில் ஆச்சாரிய கிருபளானியும், பரூக்காபாத்தில் டாக்டர் லோஹியாவும், ராஜ்கோட்டையில் ஸ்ரீ மினூ மசானியும் காங்கிரஸை முறியடித்து லோக்சபைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு வியாபாரியிடமிருந்து தேர்தல் நிதி பெற்றது சம்பந்தமான புகாரில் எண்ணெய் இலாகா மந்திரி ஸ்ரீ கேசவதேவ மாளவியா ஜூன் மாதத்தில் பதவி விலகினார். நேரு சர்க்காரின் மீது முதன்முதலாக ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகஸ்டு மாதத்தில் வந்தது. அது தோற்றது, ஆனால் அத்தகைய தீர்மானம் வந்ததே போதுமானதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி ஸ்ரீ காமராஜ் தமது யோசனையைச் சொன்னார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகஸ்டு 10ந் தேதி அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி இதை ஏற்றது. யார் யார் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு பண்டித நேருவுக்கு விடப்பட்டது. ஆகஸ்டு 24ந் தேதி பட்டியல் வெளியாயிற்று. மத்திய மந்திரிகளில் ஸ்ரீமான்கள் மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜகஜீவன்ராம், எஸ். கே. பாட்டீல், கோபால ரெட்டி, ஸ்ரீமாலி ஆகிய அறுவர். முதல் மந்திரிகளில் காமராஜ், பிஜு பட்நாயக், சந்திரபானு குப்தா, வினோதானந்த ஜா, பக்ஷி குலாம் முகம்மது, மண்ட்லோய் ஆகிய அறுவர். பன்னிரண்டு பேர் ஒரே நாளில்! தேசம் வியந்தது. வியக்க வேண்டிய காரியந்தான்.

அந்தப் பட்டியலை இப்பொழுது எடுத்துப் படித்தால் முதலில் கண்ணில் படுவது அதிலுள்ள பெயர்கள் அல்ல. அதில் இல்லாத காரணங்களே. இன்னார் இன்ன குற்றத்துக்காகப் போகிறார் என்றோ, இன்னார் குற்றமற்றவராயினும் தியாகமாகப் போகிறார் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. எல்லோரும் தியாகிகள். சென்னையில் ஒன்பது வருஷங்கள் நேர்மையாக ஆண்டு, தாமே முன்வந்து பதவியை உதறிய காமராஜும் தியாகி. காச்மீரத்தில் பத்து வருஷங்கள் தமது இஷ்டம்போல் ஆண்ட பக்ஷி குலாம் முகம்மதும் தியாகி. பின்னால் ஸுப்ரீம் கோர்ட்டு முன்னாள் நீதிபதி ஸ்ரீ ராஜகோபால அய்யங்கார் தலைமையில் கமிஷன் அமைத்து விசாரித்தபோது பக்ஷியின் மீதான குற்றச்சாட்டுகளில் பலவற்றுக்கு ஆதாரம் கிடைத்தது. அதுவரையில் அவரையும் காமராஜையும் ஒரே தட்டில் அல்லவா வைத்திருந்தோம்? காரணம் சொல்லாத நீக்கத்தின் பலன் இதுதான். குற்றவாளிக்கு அது கௌரவமான திரை. நிரபராதிக்கோ அழிக்கவொண்ணாத சந்தேகம். ஸ்ரீ மொரார்ஜி தேசாய், தம்மைப் பிரதம மந்திரிப் பதவியின் வழியிலிருந்து அகற்றுவதற்குச் செய்த உபாயமே இது என்று கடைசிவரை கருதினார். அவர் கருதியது சரியா, தவறா என்று யாராலும் ருசுப்பிக்க முடியவில்லை. ருசுப்பிப்பதற்கு ஏட்டில் எழுத்து ஏது? ஸ்ரீ சாஸ்திரியோ ஐந்து மாதத்துக்குள், 1964 ஜனவரியில், மந்திரி சபைக்குத் திரும்பி வந்துவிட்டார்.

காரணம் சொல்லும் வழக்கமே நம் நாட்டில் இல்லையென்று யாரும் சொல்ல வேண்டாம். 1956 நவம்பரில் நமது அரியலூரில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டபோது, அதே சாஸ்திரி ரயில்வே மந்திரிப் பதவியை ராஜிநாமாச் செய்தார். ஏன் போனார் என்று குழந்தைக்கும் தெரிந்திருந்தது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனின் பணம் முந்த்ரா என்ற முதலாளியின் கம்பெனிகளில் போடப்பட்டதை ஸ்ரீ பெரோஸ் காந்தி 1957இல் பார்லிமெண்டில் கிளப்பியபோது, நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரணை நடத்தினார். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே ஒலிபெருக்கியில் கேட்டார்கள். நிதி மந்திரி ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அவர் நம்மவர் என்பதற்காகத் தமிழ்நாட்டில் பலர் வருந்தினார்கள். ஆனாலும் என்ன நடந்தது என்று தெரியாமல் வருந்தவில்லை. அந்த ராஜிநாமாக்கள் இரண்டும் தேசத்துக்கு ஏதோ கற்பித்தன. 1963ஆம் வருஷத்துப் பன்னிரண்டும் சேர்ந்து அத்தனை கற்பிக்கவில்லை என்பது நமது அபிப்பிராயம். இந்தப் பட்டியலினால் காலியான நிதி இலாகா ஸ்ரீ கிருஷ்ணமாச்சாரிக்கே திரும்பக் கிடைத்தது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. அந்நாளில் வட இந்தியாவில் யாரைப்பற்றி ஊழல் புகார் மிகவும் பலமாக ஒலித்ததோ அந்தப் பஞ்சாப் முதல் மந்திரி ஸர்தார் பிரதாப் சிங் கைரோனின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லவேயில்லை. அவர் போனது 1964 ஜூன் மாதத்தில். அவரை அனுப்பியது பதவித் தியாகத் திட்டமன்று. முன்னாள் பிரதம நீதிபதி எஸ். ஆர். தாஸின் விசாரணைக் கமிஷன். குமாரர்களும் பந்துக்களும் அதிகாரத்தைப் பயன்படுத்திக்கொண்டதை அவர் கண்டும் காணாமல் இருந்தார் என்று கமிஷன் சொல்லிற்று; அவர் விலகினார். கமிஷனை நியமித்தது பண்டித நேருவின் சர்க்காரே. அதற்குரிய பாராட்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒருவரை நீக்கும் அதிகாரமும், அவர் மீதுள்ள புகாரை விசாரிக்கும் பொறுப்பும் இரண்டு கைகளில் இருந்தபோதுதான் காரியம் நடந்தது என்பதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

காமராஜ் 1963 அக்டோபர் 2ந் தேதி, காந்தி ஜயந்தியன்று, பதவியை விட்டு இறங்கினார். அவருடைய இடத்துக்கு வந்தவர் நமது செங்கற்பட்டு ஜில்லாவின் பிரதிநிதி. ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியின் சட்டசபை அங்கத்தினர் ஸ்ரீ பக்தவத்சலம். 1967 தேர்தலில் அவர் அதே ஸ்ரீபெரும்புதூரிலும், காமராஜ் விருதுநகரிலும் தோற்றார்கள். அரிசிப் பஞ்சமும் ஹிந்தி எதிர்ப்பும் அதற்குப் பிரதான காரணங்கள். ஆனால் கட்சியைப் புதுப்பிப்பதற்கென்று செய்த பெரும் தியாகம் நாலு வருஷத்துக்குள் அந்த ராஜ்யத்திலேயே கட்சியைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை.

பதவி மாற்றம் நடந்த அதே ஆகஸ்டு மாதக் கடைசியில் ஸ்ரீ குல்ஜாரிலால் நந்தா உள்நாட்டு மந்திரியானார். இரண்டு வருஷங்களுக்குள் லஞ்சத்தை ஒழித்துவிடுவதாக அவர் சூளுரைத்தார். சதாசார சமிதி என்று ஒரு சங்கமும் தோன்றிற்று. அவரது நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க யாருக்கும் உரிமையில்லை. சொந்த வாழ்க்கையில் அவர் எளிமையானவர். இரண்டு வருஷம் போயிற்று. அவரும் போனார். லஞ்சம் போகவில்லை.

அமைதியாகவும் உருப்படியாகவும் நடந்த வேலை ஒன்றுண்டு. ஸ்ரீ சாஸ்திரி உள்நாட்டு மந்திரியாக இருந்தபோதே 1962இல் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் தமிழர், சுதந்திரப் போரில் சிறை சென்றவர், அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர், ஸ்ரீ கே. சந்தானம். லஞ்சம் மனித சுபாவம் என்று பெருமூச்சு விட்டுவிட்டு அந்தக் கமிட்டி நின்றுவிடவில்லை. எந்த இடத்தில் அதிகாரிக்கு இஷ்டப்படி முடிவு செய்யும் அதிகாரம் மிகுதியோ, எந்த இடத்தில் தாமதம் மிகுதியோ, அங்கேதான் லஞ்சம் முளைக்கிறது என்று காட்டிற்று. அதன் இடைக்கால சிபார்சின் பேரில் 1964 பிப்ரவரி 11ந் தேதித் தீர்மானத்தினால் மத்திய விஜிலன்ஸ் கமிஷன் பிறந்தது. அதே வருஷத்தில் சென்னையிலும் லஞ்ச ஒழிப்பு டைரக்டரேட் அமைந்தது. 1964 மார்ச் 31ந் தேதி கொடுத்த முழு அறிக்கையில் மந்திரிகளையும் கமிட்டி விட்டுவைக்கவில்லை. பார்லிமெண்டிலோ சட்டசபையிலோ பத்து அங்கத்தினர்கள் கையெழுத்திட்டு ஒரு மந்திரியின் மீது திட்டமான புகார் கொடுத்தால், பிரதம மந்திரியோ முதல் மந்திரியோ அதை விசாரணைக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று அது யோசனை சொல்லிற்று.

இந்த ஒரு யோசனைதான் அதிகாரத்தின் மடியில் கை வைத்தது. ஆகவே இதுதான் அலமாரிக்குப் போயிற்று. பதிலுக்குக் கிடைத்தது 1964ஆம் வருஷத்து மந்திரிகள் நடத்தை விதி. அதன்படி மந்திரிகள் தமது சொத்து விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். யாரிடம்? பிரதம மந்திரியிடமும் முதல் மந்திரியிடமும்! விஜிலன்ஸ் கமிஷனோ உத்தியோகஸ்தர்களைப் பற்றி யோசனை சொல்வதோடு சரி. மந்திரிகளின் வாசற்படியை மிதிக்க அதற்கு அதிகாரமில்லை. அதற்குச் சட்டத்தின் பலம் கிடைக்கவே 2003ஆம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் ஸுப்ரீம் கோர்ட்டு 1997இல் இடித்துச் சொன்ன பிறகு. லோக்பால் வேண்டுமென்று 1966இல் சிபார்சு செய்தவர், காமராஜ் திட்டத்தில் பதவியிழந்த மொரார்ஜி தேசாய். அவர் தலைமை வகித்த நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷனின் வாய்மொழி அது. சட்டம் வந்தது 2013இல். முதல் லோக்பால் பதவியேற்றது 2019இல். சிபார்சுக்கும் பதவியேற்புக்கும் இடையே ஐம்பத்து மூன்று வருஷங்கள்.

மேலே இருப்பவர் கீழே இருப்பவரை மாத்திரம் சுத்தம் செய்ய நினைப்பது நமது காலத்து வியாதியுமன்று, நமது தேசத்து வியாதி மட்டுமன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் கடலைப் பார்த்து இடிந்து கிடக்கிறதே டச்சுக்காரர் கோட்டை, அதைக் கேட்டால் சொல்லும். அந்த மதிலுக்குள் நமது நெசவாளிகளின் மெல்லிய துணிகளை வாங்கிக் குவித்த டச்சுக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள், கம்பெனிக்கு ஒரு கணக்கும் தமக்கு ஒரு கணக்குமாக வியாபாரம் செய்து கொழுத்தார்கள். சோழமண்டலக் கரை முழுவதும் இதே கதை. ஹாலந்திலிருந்த முதலாளிகள் 1684இல் ஹெண்ட்ரிக் வான் ரீட் என்பவரை அளவற்ற அதிகாரங்களோடு விசாரணைக்கு அனுப்பினார்கள். மலையாள நாட்டு மூலிகைகளைப்பற்றிப் பன்னிரண்டு பாகங்களில் புகழ்பெற்ற நூல் வெளியிட்டவர் அவரே. அவர் வங்கத்துக்கும், நமது கரைக்கும், மலையாளத்துக்கும் வந்தார். கணக்குகளைப் புரட்டினார். பலரை வேலையிலிருந்து நீக்கினார். 1691 டிசம்பரில் பம்பாய்க்கு அருகே கப்பலிலேயே இறந்துபோனார். நீக்கப்பட்டவர்களின் நாற்காலிகளில் புதியவர்கள் உட்கார்ந்தார்கள். குறைந்த சம்பளம் அதுவே. கண்காணிக்க ஆளில்லாத தூரம் அதுவே. லாபத்தைப் பங்கு போட்ட மேலிடமும் அதுவே. ஆகவே வியாபாரமும் அதுவாகவே நடந்தது. 1799 கடைசியில் கம்பெனியே கலைந்தது. 1825இல் சதுரங்கப்பட்டினம் இங்கிலீஷ்காரர் கைக்குப் போயிற்று.

அந்தக் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இன்று வாழும் குடியானவனுக்கு மந்திரி சபை மாற்றத்தைவிடப் பட்டா மாற்றம் முக்கியம். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் சவுக்குத் தோப்புகளும் மணல்மேடுகளும் பொன் விலை பெறுகின்றன. நிலத்தின் விலை ஏற ஏற, அதைப்பற்றி ஒரு காகிதம் வாங்குவதன் 'விலை'யும் ஏறுகிறது. இங்கும் ஆளை மாற்றிப் பார்த்தாயிற்று. பரம்பரையாக வந்த கர்ணம், மணியம் உத்தியோகங்களை 1980 நவம்பரில் ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரனின் சர்க்கார் ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. சுமார் 23,000 பதவிகள்! காமராஜ் திட்டத்தில் போனவர்கள் பன்னிரண்டு பேர்தாம். பிறப்பினால் வரும் அதிகாரம் போனது நியாயம். அதை ஸுப்ரீம் கோர்ட்டும் 1982இல் ஒப்புக்கொண்டது. பரீட்சை எழுதித் தேறியவர்கள் கிராம நிர்வாக அதிகாரிகளாக வந்தார்கள். அவர்களில் யோக்கியர்கள் பலர். ஆனால் கிராமத்தான் காத்திருக்க வேண்டிய நாட்கள் குறையாத இடங்களில் எல்லாம் காணிக்கை குறையவில்லை. குறைந்த இடங்கள் எவையென்று பார்த்தால், பட்டாவும் வில்லங்க விவரமும் எவர் தயவும் இன்றி வீட்டிலிருந்தபடியே பார்க்கும்படி செய்த இடங்களே. தகவல் அறியும் உரிமைக்கு 1997இலேயே சட்டம் செய்து இந்தியாவுக்கு வழிகாட்டியது தமிழ்நாடு. அதில் ஓட்டைகள் பல இருந்தன. என்றாலும் திசை சரியானது. கிராம ஆபீஸுக்குப் பொருந்தும் இந்த நியாயம் டில்லிக்குப் பொருந்தாமற் போவானேன்?

டில்லியில் 2025 ஆகஸ்டு 20ந் தேதி உள்நாட்டு மந்திரி ஸ்ரீ அமித் ஷா லோக்சபையில் ஒரு அரசியல் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். ஐந்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்துக்காகக் கைதாகித் தொடர்ச்சியாக முப்பது நாட்கள் காவலில் இருக்கும் பிரதம மந்திரியோ, முதல் மந்திரியோ, வேறெந்த மந்திரியோ முப்பத்தோராம் நாள் பதவியிழக்க வேண்டும் என்பது அதன் விதி. மசோதா கூட்டுக் கமிட்டிக்கு அனுப்பப்பட்டது. இதற்கு வேண்டிய சந்தர்ப்பம் கற்பனையன்று. டில்லி முதல் மந்திரியாக இருந்த ஸ்ரீ கேஜ்ரிவால் 2024இல் சிறையிலிருந்தபடியே பல மாதங்கள் பதவி வகித்தார். தமிழ்நாட்டில் ஸ்ரீ செந்தில் பாலாஜி 2023 ஜூனில் கைதான பின்பு 2024 பிப்ரவரி வரையில் இலாகா இல்லாத மந்திரியாக நீடித்தார். குற்றம் ருசுவாகும் முன் யாரையும் குற்றவாளி என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் சிறைக்கூடத்தில் மந்திரி பதவி அழகன்று. அவர்களே விலகி நின்றிருந்தால் இப்படியொரு மசோதாவுக்கு இடமே இருந்திராது.

அதற்காக இந்த மசோதாவை அப்படியே ஏற்க முடியுமா? பதவி போவதற்குக் கோர்ட்டின் தீர்ப்பு வேண்டியதில்லை, குற்றப்பத்திரிகைகூட வேண்டியதில்லை. கைது போதும். கைது செய்யும் மத்திய ஏஜென்ஸிகள் யாருக்குக் கீழ்? எந்தப் பிரதம மந்திரியைப் பற்றி விதி பேசுகிறதோ அவருடைய சர்க்காருக்குக் கீழ். பிரதம மந்திரியைத் தமது சொந்த ஏஜென்ஸி முப்பது நாள் பிடித்து வைக்கும் காட்சியை எவராவது கற்பனை செய்ய முடிந்தால் செய்து பார்க்கட்டும். எதிர்க்கட்சி முதல் மந்திரியை அப்படிப் பிடித்து வைப்பதற்குக் கற்பனையே வேண்டியதில்லை. 1963இல் நீக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்தது, காரணம் சொல்லப்படவில்லை. இந்த மசோதாவில் காரணம் சொல்லப்படுகிறது. ஆனால் காரணத்தை உண்டாக்கும் அதிகாரமும் அதே கையில் இருக்கிறது. இன்று எந்தக் கட்சி ஆள்கிறது என்பது இதில் பிரச்னையன்று. நாளை ஆளப்போகிறவர்களின் கையிலும் இதே கத்தி இருக்கும். 2018இல் லஞ்சத் தடைச் சட்டத்தைத் திருத்தியபோது, உத்தியோகஸ்தர் எடுத்த முடிவுகளைப் பற்றி விசாரிக்கவே சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்று சேர்த்ததையும் இதனோடு வைத்துப் பாருங்கள். திறப்பதும் மூடுவதும் ஒரே சாவி.

ஆகவே தேசத் தலைவர்கள் இனி மந்திரி சபை மாற்றத்தையும் லஞ்ச ஒழிப்பையும் சேர்த்துப் பேசும்போது, நமது தேசாபிமானிகள் கை தட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். போகிறவர் ஏன் போகிறார் என்பது சபையில் பதிவாகுமா? விசாரிக்கப் போகிறவர், அறிவிப்பைச் செய்கிற தலைவரையும் விசாரிக்க முடியுமா? கைதுக்குப் பதிலாகக் கோர்ட்டு குற்றச்சாட்டை வனைந்ததைப் பதவி நீக்கத்துக்கு அடிப்படையாக வைக்கலாம். மந்திரிகளின் மீதான புகாரைப் பத்து அங்கத்தினர்களின் கையெழுத்தோடு லோக்பாலுக்கோ லோக் ஆயுக்தாவுக்கோ நேரே அனுப்பி, அதை விசாரித்தே தீரவேண்டும் என்று விதிக்கலாம். இதற்குப் புதிதாக ஒரு கமிட்டி போடவும் வேண்டாம். சுற்றுப்பிரயாணம் செய்யவும் வேண்டாம். ஸ்ரீ சந்தானம் எழுதிக் கொடுத்த அறிக்கை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.